நீரிழிவு உற்ற அங்கத்தினருக்கு நாம் செய்யத்தக்க உதவி

சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடுவது கூட்டுறவு ஆய்வாளரின் கடமை. அங்கத்தினரின் உடல்நலத்தைப் பற்றி எழுதப் புகுவது எல்லை மீறிய செயலாகச் சிலருக்குத் தோன்றலாம். எனினும் கணக்குப் புத்தகங்களே நம்மை இப்பொருளுக்கு இழுத்து வருகின்றன. தவணை தவறிய பாக்கிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் காரணம் விசாரித்தால், மழை பொய்த்தது, சரக்குத் தேங்கியது என்ற பழைய காரணங்களோடு வேறொன்றும் அடிக்கடி காதில் விழுகின்றது. "சர்க்கரை வியாதி, காலிலே புண், மூன்று மாதமாகத் தறியில் உட்காரவில்லை" என்கிறார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த பங்குத் தொகையும் சிக்கன நிதியும் ஆறாத புண் ஒன்றில் கரைந்து போவதைக் கண்ட பின், இதனை மருத்துவர்களின் விஷயம் என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை.

இது ஓரிரண்டு ஊர்களின் சங்கதி அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடெங்கும் நடத்தப்பெற்று 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உடையோர் தொகையை 10 கோடியே 10 லட்சம் என மதிப்பிட்டது. வயது வந்தோரில் 100-க்கு 11.4 பேர் என்பது அதன் கணக்கு. தமிழ்நாட்டில் இவ்விகிதம் 14.4. நோய் இன்னும் பற்றவில்லை, ஆயினும் அதன் வாயிற்படியில் நிற்கின்றனர் என்று சொல்லத்தக்கவர் நாட்டில் மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர். இவ்விகிதம் எங்கும் ஒன்றாக இருக்குமானால், 200 அங்கத்தினர் உள்ள சங்கத்தில் ஏறத்தாழ 29 பேருக்கு இந்நோய் இருத்தல் கூடும். அவர்களுள் தமக்கு அது இருப்பதை இன்னும் அறியாதவரும் உண்டு.

நோயின் தன்மையைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். நாம் உண்ணும் சோறும் மற்ற மாவுப் பொருள்களும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அச்சர்க்கரையை உடலின் தசைகளுக்குள் செலுத்துவதற்குக் கணையம் இன்சுலின் என்ற நீரைச் சுரக்கின்றது. சுரப்புக் குறைந்தாலும், சுரந்தது சரிவர வேலை செய்யாது போனாலும், சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடும். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், குளுக்கோஸ் நீர் பருகி இரண்டு மணி நேரங்கழித்து 200 அல்லது அதற்கு மேல் என்று காணப்பட்டால், மறு சோதனையால் உறுதி செய்து, நீரிழிவு எனக் கொள்வர். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை ஒன்றும் உண்டு, அதில் 6.5 விழுக்காடு எல்லை. சிறு குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை நீரிழிவு பழக்கத்தால் வருவதன்று. அதற்கு முதல் நாளிலிருந்தே இன்சுலின் ஊசி வேண்டும். நாம் இங்கே பேசுவது பெரியவர்களுக்கு வரும் பொதுவான வகையைப் பற்றியே.

இந்த நோய் வந்தவருக்கு யாரும் அறிவுரை கூறாமல் இருப்பதில்லை. "சர்க்கரையை விடு, சோற்றைக் குறை, நட, மாத்திரையை மறவாதே" என்று மருத்துவர் சொல்கின்றார், மருந்துக் கடைக்காரர் சொல்கின்றார், அடுத்த தறிக்காரரும் சொல்கின்றார். நோயாளிக்கும் இவை யாவும் மனப்பாடம். இருந்தும் பழக்கம் மாறுவதில்லை. ஆகவே குறை அறியாமையில் இல்லை. அறிந்ததைத் தினந்தோறும் செய்வதற்கு ஏற்ற ஏற்பாடு அவரைச் சுற்றி இல்லாமையே குறை என்பது நம் கருத்து.

கூட்டுறவாளர்களுக்கு இது புதிய உண்மையன்று. சிக்கனத்தின் பெருமையைப் பற்றிக் கூட்டந்தோறும் சொற்பொழிவு ஆற்றிய காலத்தில் நெசவாளர் எவ்வளவு சேமித்தனர்? கூலி கைக்கு வருமுன்னரே பட்டியலில் ரூபாய்க்கு இத்தனை காசு என்று பிடித்தம் செய்யும் முறை வந்த பிறகன்றோ சேமிப்பு நிலைத்தது! அதே மனிதர், அதே கூலி, அதே செலவுகள். மாறியது ஏற்பாடு ஒன்றுதான். தினமும் மன உறுதியை வரவழைத்துப் போராட வேண்டிய அவசியத்தை அந்தப் பிடித்தம் நீக்கிவிட்டது. நீரிழிவு உடையவருக்கும் இத்தகைய பிடித்தங்களை வீட்டிலும் தறிக்கூடத்திலும் சங்கத்திலும் அமைத்துத் தர முடியுமா என்பதே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

முதலில், செய்யத் தகாதது ஒன்றைக் கூறுதல் வேண்டும். கடிந்துகொள்ளுதல் பயன் தராது. பல இல்லங்களில் நடப்பதை நாம் அறிவோம். மாமனார் வெளியே சென்று திரும்பியதும் மருமகள், "மாமா, இன்றைக்கும் கடையில் இனிப்புத் தின்றீர்களா?" என்று கேட்கின்றாள். "நான் எங்கே அம்மா தின்றேன்?" என்பது விடை. கேள்வி அன்பினால் எழுந்ததே. ஆயினும் அது பெரியவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுகிறது. மறுநாள் அவர் இனிப்பை விடுவதில்லை. தார்க் கூடைக்குள் மறைத்து வைக்கக் கற்றுக்கொள்கின்றார். பின்னர் மருத்துவரிடமும் உண்மை கூறுவதில்லை. மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டுகின்றார். ஒரு கடுஞ்சொல்லின் பயன் இவ்வாறு முடிகின்றது.

அதே மருமகள், "மாமா, ராத்திரி டீயை விட்டுவிடுவது உங்களுக்குச் சுலபமா, காலை டீயில் அரைக் கரண்டி குறைப்பது சுலபமா?" என்று கேட்டிருந்தால், தெரிவு அவருடையதாகிவிடும். தாமே தெரிந்தெடுத்ததை மனிதன் எளிதில் கைவிடுவதில்லை. தமிழ்நாட்டையும் அதன் அண்டைப் பகுதியையும் சேர்ந்த 537 ஆடவரிடையே நடத்தப்பெற்று 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று இங்கே நினைவுகூரத் தக்கது. நோயின் வாயிற்படியில் நின்ற அவர்களுள் ஒரு சாராருக்குக் கைப்பேசியில் வாரத்திற்கு இரண்டு முதல் நான்கு வரை சிறு செய்திகள் அனுப்பப்பட்டன. அவரவர் எந்த அளவுக்கு மாற்றத்திற்குச் சித்தமாக இருந்தார்களோ அதற்கு ஏற்பச் செய்தி அமைந்திருந்தது. இரண்டு ஆண்டுகளில், செய்தி பெறாதவரில் 100-க்கு 27 பேருக்கு நோய் வந்தது. பெற்றவரில் 18 பேருக்கே வந்தது. நீண்ட உபதேசம் எதுவும் அங்கே இல்லை. ஆளறிந்து சொல்லப்பட்ட இரண்டொரு வரிகள்தாம் இருந்தன.

இனி, பழக்கங்களுக்கு வருவோம். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், தேநீரிலிருந்து என்று தயக்கமின்றிக் கூறுவோம். தறிக்கூடத்தில் தேநீர் என்பது பானம் மட்டும் அன்று. முதுகை நிமிர்த்தும் ஓய்வும் அதுவே, உலக நடப்பைப் பேசும் வேளையும் அதுவே. அதை விடச் சொல்பவர் நெசவாளரின் நாளை அறியாதவர். தேநீர் இருக்கட்டும், சர்க்கரையின் கணக்கை மட்டும் போடுவோம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை 4 முதல் 5 கிராம். குவளைக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு ஐந்து குவளை என்றால், 40 முதல் 50 கிராம். மாதத்தில் 1.2 கிலோவுக்குக் குறையாது! நோயற்றவர்களுக்கே, சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராம் அளவில் நிற்பது நலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறியது. நோய் உள்ளவர் அதன் இரு மடங்கைத் தேநீரிலேயே பருகிவிட்டுச் சோற்றைப் பற்றிக் கவலைப்படுவது வேடிக்கையல்லவா?

ஒரே நாளில் இனிப்பை நிறுத்தியவர்கள் நான்காம் நாள் பழைய குவளைக்குத் திரும்பிவிடுகின்றனர். இரண்டு வாரத்திற்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து வருபவருக்கு நாக்கு பழகிக்கொள்கின்றது. இரண்டு கரண்டி போட்டுக் கொண்டிருந்தவர் இரண்டு மாதத்தில் சர்க்கரையின்றிப் பருகும் நிலைக்கு வந்துவிடலாம். வெல்லத்துக்கும் கருப்பட்டிக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் மாறினால் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கை நம் பகுதிகளில் ஊறிப் போயிருக்கின்றது. அவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரையே. தேனுக்கும் விலக்கில்லை.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. பத்துப் பேர் சூழ்ந்திருக்கும் தேநீர்க் கடையில், "எனக்குச் சர்க்கரை வேண்டாம்" என்று உரக்கச் சொல்ல ஒருவர் கூசுகின்றார். "என்ன அண்ணே, உங்களுக்கும் வந்துவிட்டதா?" என்று யாரேனும் கேட்டுவிடுவாரே என்ற அச்சம். அதனால் இனித்த குவளையையே வாங்கிப் பருகிவிடுகின்றார். இதற்கு மருந்து சங்கத்தினிடம் இருக்கின்றது. நிர்வாகக் குழுக் கூட்டத்திலும், நூல் வாங்க வந்தோர் காத்திருக்கும் இடத்திலும் தரப்படும் தேநீர் எல்லோருக்கும் சர்க்கரை இல்லாமலே வரட்டும். சர்க்கரைக் கிண்ணமும் கரண்டியும் ஓரத்தில் இருக்கட்டும். வேண்டுவோர் எழுந்து போய்ப் போட்டுக்கொள்வர். நோயாளி கேட்டு வாங்க வேண்டியதில்லை. யாரும் அவரைச் சுட்டவும் இயலாது. இதற்குத் தீர்மானமும் வேண்டாம், செலவும் இல்லை. பேரவைக் கூட்டத்தில் லட்டும் காராபூந்தியும் கொண்ட பொட்டலம் வழங்கும் வழக்கத்தையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். வேளாண்மை அங்கத்தினர்கள் தாமே விளைவிக்கும் கொண்டைக்கடலையும் மொச்சையும் தட்டைப்பயறும் சுண்டலாகி அந்தப் பொட்டலத்தில் ஏறினால் குறைவொன்றுமில்லை.

சோற்றைப் பற்றிய பேச்சில் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கின்றது. அரிசியை விட்டுக் கோதுமைக்கோ கேழ்வரகுக்கோ மாறிவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கின்றனர். இந்தியர் உணவில் உடலுக்குக் கிடைக்கும் சக்தியில் 100-க்கு 62 பங்கு மாவுச் சத்திலிருந்தே வருகின்றது என்றும், மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ உண்பது ஆபத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை என்றும் 2025-இல் வெளியான ஆய்வு காட்டியது. அம்மாவுச் சத்தில் ஒரு சிறு பங்கை விட்டு, அதனிடத்தில் பருப்பு, பால் பொருள்கள் போன்ற புரத உணவைச் சேர்த்தவரிடம் ஆபத்து குறைவாகக் காணப்பட்டது. சிறுதானியம் பயிரிடும் அங்கத்தினர்கள் இதனால் மனம் வருந்த வேண்டாம். கம்பும் வரகும் நல்ல உணவே. நான்கு கரண்டி அரிசிச் சோற்றை விட்டு நான்கு கரண்டி வரகுச் சோறு உண்பவருக்கு எதிர்பார்த்த பலன் கிட்டாது என்பதே செய்தி. கேழ்வரகையும் மாவாக்கிக் கூழாகக் கரைத்துக் குடித்தால் விரைவில் சர்க்கரையாகிவிடும்.

ஆகவே தானியத்தின் பெயரைக் காட்டிலும் கரண்டியின் எண்ணிக்கையே முக்கியம். பரிமாறுவதற்கு ஒரே கரண்டியை வைத்துக்கொண்டு, நான்கு வழக்கமானால் மூன்று என்று நிறுத்தலாம். விட்ட இடத்தைக் காயும் கீரையும் பருப்பும் நிரப்பட்டும். காயை முதலில் உண்டு, சோற்றைப் பின்னர் உண்டால் சர்க்கரை சற்று மெதுவாக ஏறும் என்பதும் சோதித்து அறியப்பட்டதே. நோயாளிக்கென்று தனிச் சமையல், தனித் தட்டு என்று வேண்டாம். அது அவரைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைப்பதோடு, சமைப்பவருக்கும் இரட்டை வேலையாகும். அவருக்கு உகந்த உணவு வீட்டில் எல்லோருக்கும் உகந்ததே.

சமைப்பவரைப் பற்றிக் கூறினோம். அவருக்கே நீரிழிவு இருந்தால் என்ன ஆகின்றது? கணவருக்கு நோய் வந்தால் மனைவி அளந்து பரிமாறுகின்றார், மாத்திரையை எடுத்து வைக்கின்றார், நடக்க அனுப்புகின்றார். மனைவிக்கு வந்தாலோ, அவருக்கு அளந்து பரிமாறுவார் ஒருவரும் இலர். தார் சுற்றி, தறிக்கு உதவி, எல்லோருக்கும் பரிமாறிய பின் மிஞ்சிய சோற்றை வீணாக்க மனமின்றி மூன்று மணிக்கு உண்கின்றார். காயும் பருப்பும் அதற்குள் தீர்ந்திருக்கும்; சோறும் குழம்பும் தாம் மிச்சம். நம்மவரிடையே இது பெண்ணின் பெருந்தன்மையாகப் போற்றப்படுகிறது. இந்நோய் உள்ளவருக்கு இது தீங்கு என்பதை வெளிப்படையாகச் சொல்லத்தான் வேண்டும். அவரது பங்குக் காயை முதலிலேயே தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வைப்பது வீட்டிலுள்ள ஆடவரின் பொறுப்பாகட்டும்.

நடையைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. "நாள் முழுதும் மிதித்துக்கொண்டிருக்கிறோம், வயலில் நடக்கிறோம், இன்னும் நடக்க வேண்டுமா?" என்று கேட்கப்படுகின்றது. நியாயமான கேள்வியே. சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியிடப்பெற்ற தடுப்பு ஆய்வில், நோயின் வாயிற்படியில் இருந்த 531 பேர் சேர்க்கப்பட்டனர். அசைவற்ற வேலை உடையோரை நாள்தோறும் 30 நிமிடம் விரைந்து நடக்கச் சொன்னார்கள்; உடலுழைப்பு உள்ளோரைத் தம் வழக்கமான வேலையைத் தொடருமாறு மட்டுமே சொன்னார்கள். உழவருக்கும் கூலி வேலை செய்வோருக்கும் இந்தச் சலுகை பொருந்தும். மேசையடியில் அமர்ந்திருக்கும் நம் கணக்கர்களுக்கும் செயலாளர்களுக்கும் (ஆய்வாளர்களுக்குந்தான்!) பொருந்தாது. தறிக்காரர் இருவருக்கும் இடைப்பட்டவர். அவரது கால்கள் இயங்கினாலும் இடுப்பு அசைவதில்லை. மணிக்கொரு முறை எழுந்து தெரு முனை வரை சென்று வருவதும், இரவு உணவுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதும் நன்று. உணவுக்குப் பிந்திய மெதுவான நடையும் சர்க்கரையின் ஏற்றத்தைத் தணிக்கின்றது.

அந்தச் சென்னை ஆய்வின் முடிவையும் சொல்லிவிடுவோம். மூன்று ஆண்டுகளில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோரில் 100-க்கு 55 பேருக்கு நோய் பற்றியது. உணவிலும் நடையிலும் விடாது வழிகாட்டப்பட்டோரில் 39 பேருக்குப் பற்றியது. பழக்க மாற்றத்தின் பலன் இதனால் விளங்குகின்றது. அத்தோடு வேறொன்றும் விளங்குகின்றது: முயன்றவர்களிலும் 39 பேருக்கு நோய் வந்தது. பரம்பரையும் வயதும் தம் பங்கைச் செய்கின்றன. ஆதலால் நோய் வந்தவரைப் பார்த்து, "வாயைக் கட்டாததால் வந்தது" என்று கூறுவது உண்மைக்கும் புறம்பு, நியாயத்துக்கும் புறம்பு. வந்துவிட்டவருக்கும் கட்டுப்பாடு வீணன்று. இங்கிலாந்தில் 1977-இல் தொடங்கி 1998-இல் முடிவு வெளியான நெடிய ஆய்வில், சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தியவர்களிடம் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெடுதல் நான்கில் ஒரு பங்கு குறைந்தது. இழை எண்ணிப் பிழைக்கும் நெசவாளருக்குக் கண்ணின் விலையை நாம் சொல்ல வேண்டியதில்லை. பார்வை தெளிவாக இருப்பினும் ஆண்டுக்கு ஒரு முறை கண்ணின் உட்புறத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

புதிய பழக்கம் எத்தனை நாளில் படியும்? லண்டனில் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியில், ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் படிய நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாளிலேயே படிந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகுமெனக் கணக்கிடப்பட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய இழப்பாக இல்லை. ஒரு நாள் கல்யாண விருந்தில் பாயசம் உண்டுவிட்டு, "விரதம் கெட்டது, இனி என்ன?" என்று முற்றும் கைவிடுவோர்க்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு தவணை தவறியதற்காகக் கடன் கணக்கையே யாரும் கிழித்தெறிவதில்லை. அடுத்த தவணையைச் செலுத்துகின்றோம். புதிய பழக்கத்தைத் தனியே நிறுத்தாமல், ஏற்கெனவே தவறாது நடக்கும் செயல் ஒன்றோடு முடிந்துவிடுவது நல்ல உபாயம். காலையில் பல் துலக்கும் இடத்தில் மாத்திரைப் பெட்டி, தறியை மூடியதும் நடை, விளக்கணைக்கு முன் கால் பார்த்தல் என்று அமைத்துக்கொண்டால் நினைவூட்ட ஆள் வேண்டாம்.

கால் பார்த்தல் என்றோம். இதைச் சற்று விரிவாகவே கூற விரும்புகின்றோம். ஏனெனில் நம் அங்கத்தினர்களின் தொழில் இரண்டும் வெறுங்காலால் செய்யப்படுபவை. நெசவாளர் குழித்தறியில் மிதிபலகையை மிதிக்கின்றார். உழவர் சேற்றில் இறங்குகின்றார். நீரிழிவு நாட்பட்டால் பாதத்தின் நரம்புகள் மரத்துப் போகும். முள் தைத்தாலும் ஆணி கிழித்தாலும் வலி தெரியாது. வலியில்லாப் புண்ணை யார் கவனிப்பார்? அது சீழ் வைத்து, இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் விரலை எடுக்கும் அளவிற்குப் போய்விடும். முழங்காலுக்குக் கீழே எடுக்க நேர்வதும் உண்டு. பீடியும் புகையிலையும் இரத்த ஓட்டத்தை மேலும் கெடுப்பன.

பாதத்தின் உணர்ச்சியை மருத்துவர்கள் ஒரு நைலான் இழையால் சோதிக்கின்றனர். 10 கிராம் அழுத்தத்தில் வளையும்படி செய்யப்பட்ட அவ்விழையைப் பாதத்தில் வைத்து வளையும் வரை அழுத்தி, தெரிகின்றதா என்று கேட்பர். நூலோடு வாழும் நம்மவருக்கு இச்சோதனை வியப்பாக இராது. இழையும் இல்லாமல் வீட்டிலேயே செய்யத்தக்க எளிய முறை ஒன்றை இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் வகுத்தனர். நோயாளி படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். வேறொருவர் தம் சுட்டுவிரல் நுனியால், இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஓரிரு விநாடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டது தெரிந்தவுடன் வலது, இடது என்று நோயாளி சொல்ல வேண்டும். ஆறு தொடுகைகளில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமற் போனால், அக்கால்கள் ஆபத்துக்கு உட்பட்டவை எனக் கொண்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். பேரப் பிள்ளைகள் இதை விளையாட்டாகவே செய்துவிடுவர்.

உணர்ச்சி இருப்பினும் இல்லாவிடினும், இரவு தோறும் பாதத்தின் அடிப்பக்கத்தையும் விரல் இடுக்குகளையும் பார்த்தல் அவசியம். வயதானவர்கள் குனிந்து பார்க்க முடியாது. மற்றவர் பார்த்துச் சொல்ல வேண்டும், அல்லது தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். தறியில் இறங்குமுன் குழியைப் பெருக்கி, மிதிபலகையில் சிராயோ ஆணியோ துருத்திக்கொண்டிருக்கின்றதா என்று கையால் தடவி அறிய வேண்டும். வீட்டுக்குள்ளும் செருப்பு அணிதல் நம் வழக்கத்துக்கு மாறானது என்பதை அறிவோம். மரத்த கால்களுக்கு அந்த வழக்கத்தைத் தளர்த்தத்தான் வேண்டும். மருத்துவமனைகளில் பரிந்துரைக்கப்படும் மென்மையான ரப்பர் அடித்தளச் செருப்பு, பின்னால் வாருடன் இருப்பது சிறந்தது. கால் ஆணியைப் பிளேடால் செதுக்குதல், வெந்நீரில் சூடு பாராமல் காலை வைத்தல் இரண்டும் வேண்டாம்.

மாத்திரையைப் பற்றி ஒரே ஓர் எச்சரிக்கை. சர்க்கரையைத் தணிக்கும் சில மாத்திரைகளையும் இன்சுலினையும் எடுத்துக்கொண்டு உணவைத் தள்ளிப் போட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். கல்யாணப் பருவத்தில் சேலையை முடித்துக் கொடுக்கும் அவசரத்திலும், அறுவடை நாளிலும், விரத நாளிலும் இது நேர்கின்றது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி, பேச்சில் குழப்பம் இதன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுத்து, பிறகு உணவு தர வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றலாகாது. 108-க்குச் சொல்லி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். சர்க்கரையை எதிரியாகப் பார்த்துப் பழகிய குடும்பத்தார் இந்நேரத்தில் தயங்கிவிடுகின்றனர். தறியருகே ஒரு சிறு பொட்டலம் குளுக்கோஸ் இருப்பது நல்லது. விரதம் இருக்க விரும்புவோர் முன்னதாகவே மருத்துவரைக் கேட்டு மாத்திரையை மாற்றி அமைத்துக்கொள்ளட்டும்.

சங்கம் செய்யத்தக்கதில் தேநீரை முன்னமே கூறினோம். இன்னும் ஒன்று கூறலாம். மாதத்தில் ஒரு நாள் கூலி வழங்கும் வேளையில், ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து, சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கால்களையும் பார்க்கச் செய்யலாம். மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்றபோது, மாத்திரையை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுப்பதையே அடிப்படையாகக் கொண்டது. அங்கத்தினர் எப்படியும் வந்து சேரும் இடத்திற்குச் சோதனையைக் கொண்டு வருவதும் அத்தகையதே. சிறு செலவுகளுக்குத் துணை விதிகள் இடம் தருமாயின், நிர்வாகக் குழுவின் தீர்மானத்தின் பேரில் பொது நல நிதியிலிருந்து எடுக்கலாம். துணை விதியைப் பார்க்காமல் முதலில் செலவிட்டுப் பின்னர்த் தீர்மானம் எழுதுவது தணிக்கையில் ஆட்சேபத்துக்கு இடமாகும்.

இவ்வேற்பாட்டில் ஒரு விஷயத்தில் மிகுந்த கண்டிப்பு வேண்டும். நோயாளி என்று தெரிந்தால் அடுத்த கடன் கிடைக்காது, நூல் அளவைக் குறைத்துவிடுவார்கள் என்ற அச்சத்தாலேயே பலர் சோதனைக்கு வருவதில்லை. அந்த அச்சத்துக்குச் சிறிதும் இடம் வைத்தல் கூடாது. சோதனையின் முடிவு நடவடிக்கைக் குறிப்பில் ஏறலாகாது. விளம்பரப் பலகையில் ஒட்டப்படலாகாது. கடன் விண்ணப்பம் பரிசீலிக்கப்படும்போது யாரும் அதை வாயெடுக்கவும் கூடாது. சீட்டை மடித்து அவரவர் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட வேண்டும்.